கேரியருக்கு ஒரு சாண்ட்விச்

காரைக்குடி நூறடி ரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் சத்தியப்பிரியாவுக்கு மதியம் ஒரு மணி ஆகிவிட்டால் எந்தக் கணக்கும் கண்ணில் நிற்காது. கால் தானாகக் கல்யாணசுந்தரியின் சாண்ட்விச் கடைக்குப் போய்விடும். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, கேஸ் அடுப்பு, சில பிளாஸ்டிக் ஸ்டூல், அவ்வளவுதான். ஆனால் உருளைக்கிழங்கு மசாலாவில் மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு, புதினாச் சட்னி தடவி, வெண்ணெய் உருக உருக ரொட்டியை அழுத்திச் சுட்டு எடுப்பாள் பாருங்கள், அந்த வாசனை பிடித்தவர்கள் வேறு கடைப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். சத்தியாவின் கையில் தினமும் ஒரு அடுக்குக் கேரியர் இருக்கும். மாமனார் கருத்தையாவின் கைவண்ணம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர், ஸ்டீயரிங்கை விட்ட கையோடு கரண்டியைப் பிடித்துக்கொண்டார். அமராவதிபுதூர் வீட்டில் விடியுமுன்னே தாளிக்கிற சத்தம் கேட்கும். மகன் சரவணகுமாருக்கு மதுரையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். ஆகவே அவ்வளவு குழம்பும் அவ்வளவு பாசமும் மருமகள் ஒருத்திக்குத்தான். சமையலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையிலும் அதே குழம்பு, ராத்திரியிலும் அதே குழம்பு. மதியமாவது ஆபீஸ் பெண்களோடு ஒரு சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வழி சொன்னது கல்யாணசுந்தரிதான்.

"காலையிலருந்து ரொட்டிய மோந்து மோந்து எனக்குக் கொமட்டுது சத்தியா. அந்தச் சோத்த இங்குட்டுத் தள்ளு. நீ சாண்ட்விச்சத் தின்னு" என்றாள்.

அன்று தொடங்கியது இந்தப் பண்டமாற்று. கல்யாணசுந்தரி கேரியரை ஒரு பருக்கை விடாமல் காலி செய்து, கழுவி, மூடிக் கொடுப்பாள். கழுவினதுதானே என்று சத்தியா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் வீட்டு அடுப்படியில் வைத்துவிடுவாள். கூடவே, அன்றைய குழம்பில் புளி தூக்கலா உப்புக் குறைச்சலா என்று கல்யாணசுந்தரி சொன்ன தீர்ப்பையும் மாமனாரிடம் அப்படியே ஒப்பிப்பாள். அதைக் கேட்டு அவருக்கும் முகம் மலரும். சத்தியாவுக்குத்தான் உள்ளுக்குள் குறுகுறுக்கும்.

ஒரு நாள் காலை, அவள் கிளம்பும்போது கருத்தையா கேரியரைத் தரவில்லை.

"எனக்கு டவுன்ல ஒரு சோலி இருக்கு ஆத்தா. மத்தியானம் நானே கொண்டாந்து தாரேன். நீ வெறுங்கையோட போ."

சத்தியா வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். ஆபீசில் யாராவது அவர் முன்னாலேயே, "என்ன, இன்னைக்குக் கடைக்குப் போகலையா?" என்று கேட்டுவிட்டால்? தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சமைத்த சோறு யார் வயிற்றுக்கோ போகிறது என்று தெரிந்தால் மனிதர் நொறுங்கிப்போவாரே. ஒரு மணிக்கு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கல்யாணசுந்தரியையாவது எச்சரித்து வைப்போம் என்று கடைக்கு ஓடினாள்.

அங்கே ஸ்டூலில் சட்டமாக உட்கார்ந்திருந்தார் கருத்தையா. பக்கத்தில் கேரியர்.

"மாமா... நீங்க எப்பிடி இங்குட்டு?"

"தெனமும் நீ வச்ச கேரியரத் தொறந்தா, மேத்தட்டுல அரை சாண்ட்விச் இருக்கு. சுத்துன பேப்பர்ல கடை பேரும் இருக்கு. வழி கேக்கவா வேணும்?"

சத்தியா கல்யாணசுந்தரியைப் பார்த்தாள். "அக்கா, உள்ள வச்சா அனுப்புனீக?"

"பின்ன? சோறு வந்த பாத்திரத்த வெறுமனேயா திருப்பிக் குடுப்பாக? நல்லாவா இருக்கும்? சாயங்காலம் நீ திங்கிறேன்னுல்ல நெனச்சேன்!"

சத்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க மாமா. ஒங்க சமையல் புடிக்காம இல்ல."

"அட, அழுகாத ஆத்தா. மொதநாளு மனசு வலிக்கத்தான் செஞ்சுச்சு. பெறகு யோசிச்சேன். உப்பு, புளிக் கணக்கு சரியா வருதே, சோறு வீணாப் போகல. யாரோ ஒரு மகராசி ருசிச்சுத் திண்டுட்டு, பதில் மரியாதையும் செய்யிறா. இதுல கோவிக்க என்ன இருக்கு? தெரிஞ்சதுன்னு சொன்னா நீ கேரியர நிப்பாட்டிப்புடுவியோன்னுதான் பயம். காலையில எந்திரிச்சு நான் யாருக்குச் சமைக்க? அதான் நானும் வாயத் தொறக்கல."

அவள் குறுகுறுத்த நாளெல்லாம் இவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பெறகு இன்னைக்கு மட்டும் ஏன் வந்தீக?"

கருத்தையா சற்றே வெட்கப்பட்டார். "ரெண்டு நாளா கேரியர்ல வெறுஞ் சீனிதான் வருது."

கல்யாணசுந்தரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ரொட்டி வண்டி சரியா வரலய்யா. துண்டு மிஞ்சல. வெறுமனே குடுக்கக் கூடாதேன்னு சீனியப் போட்டேன்."

"அதான் என்ன ஏதுன்னு பாத்துட்டு, சூடா ஒரு முழுசு திம்போம்னு வந்தேன். ஆறிப்போன அரைத் துண்டே அந்தப் போடு போடுது!"

அடுப்பில் வெண்ணெய் உருகியது. சத்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரியரைத் திறக்கப் போனாள். இன்றைக்காவது மாமா முன்னால் அவர் சமையலைச் சாப்பிடுவோம் என்று நினைத்தாள்.

கருத்தையா அவள் கையைத் தட்டிவிட்டார். "அது அந்தப் புள்ளைக்கு. நீ ஒனக்கொரு சாண்ட்விச் சொல்லு."