மூன்று விசேஷத்துக்கு ஒரே பாயசம்

"அந்தத் தோரணத்த அறுத்துப் போடுளா! சாவு வீட்டு வாசல்ல கொடி என்ன வேண்டிக் கெடக்கு?"

சேசம்மாள் அத்தை உள்ளேயிருந்து சத்தம் போட்டதும் சுதந்திரமேரி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். காலையில் அப்பா ஏறிய அதே ஸ்டூல்தான். காகிதக் கொடிகள் ஒட்டிய நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைக் கட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், "கொஞ்சம் தண்ணி கொடு பிள்ள" என்றார். சொம்போடு அவள் திரும்பியபோது பக்கத்து வீட்டு மன்சூர் அலி அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தார். மணி ஏழுகூட ஆகவில்லை.

தாராவியில் அந்தச் சந்து முழுக்க அவள் பிறந்தநாள் பிரசித்தம். நாற்பத்தேழு ஆகஸ்ட் பதினைந்தில் பிறந்தவள். பெயர் தேட அப்பா மரியசூசை சிரமமே படவில்லை. மாதா மோட்சத்துக்குப் போன திருநாளும் அன்றுதான் என்பதால் மேரியையும் ஒட்டவைத்துவிட்டார். "எம் மவளுக்குப் பொறந்தநாளுன்னா டெல்லியில கொடி ஏத்துவான், கோயில்ல மணி அடிப்பான், ஷாப்புக்கு லீவு விடுவான். எந்த ராசாத்திக்கு வாய்க்கும்?" என்பார். வருஷம் முழுக்கத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு அந்த ஒரு நாள்தான் வாய் நீளும்.

அம்மா ஏஞ்சலம்மாளுக்கு இந்தப் பவிசெல்லாம் பிடிக்காது. "நாட்டுக்கு, மாதாவுக்கு, இவளுக்கு, மூணுக்கும் சேத்து ஒரே பாயசந்தான்" என்று முணுமுணுத்தபடி சேமியா வறுப்பாள். இன்றும் வறுத்தாள். அது தட்டு போட்டு மூடியபடி அடுப்படியில் இருந்தது.

பெரிய திருநாளில் துக்கப் பூசை வைக்க முடியாது என்று சாமியார் கையை விரித்துவிட்டார். நாளைக் காலையில்தான் அடக்கம். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளங்களைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார்கள். உருகிய தண்ணீரைச் சுதந்திரமேரி சாக்கால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தாள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது.

"இவளுக்குக் கொடி கட்ட ஏறித்தான போனான் எந்தம்பி" என்றாள் அத்தை, யாரிடம் என்றில்லாமல். "இனி இவ பொறந்தநாளும் அவன் செத்தநாளும் ஒண்ணு. நல்லாத்தான் பொறந்தா!"

அம்மா அப்பாவின் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். காலையில் அவர்மேல் விழுந்து, "இந்த நாள்தானா கெடச்சுது உங்களுக்கு?" என்று கத்தியதோடு சரி, அதற்குப் பிறகு மகள் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் சுதந்திரமேரிக்குத் தாங்கவில்லை. இனி ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதியில் அம்மா தன் முகத்தில் இந்தக் கட்டிலைத்தானே பார்ப்பாள்? திட்டித் தீர்த்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பதினாறு வயசுக்காரி சாக்கை இன்னும் இறுக்கிப் பிழிந்தாள்.

சாயங்காலம் கல்லறையில் நட வேண்டிய மரச்சிலுவை வந்தது. கடைகளுக்குப் போர்டு எழுதுகிற மன்சூர் அலி அதைச் சுவரோரம் படுக்க வைத்து, வெள்ளை பெயிண்டில் அப்பா பெயரை எழுதினார். அவர் கை அன்றைக்கு அடிக்கடி நின்றது. பெயருக்குக் கீழே ஒன்று என்ற எண்ணைப் போட்டுவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"பதினஞ்சு, எட்டு, அறுபத்திமூணு. சரிதான மதினி?"

விசிறி நின்றது.

"பதினாலு" என்றாள் அம்மா.

மன்சூர் அலி தலையைத் தூக்கினார். "இன்னைக்குக் காலையிலதான மதினி? நாந்தான அண்ணாச்சியத் தூக்கி..."

"பதினாலுன்னு போடுங்க தம்பி."

"ஏளா ஏஞ்சலு, புத்தி பேதலிச்சுப் போச்சா?" அத்தை எழுந்தே விட்டாள். "அப்போ வருசாவருசம் பூசை என்னைக்கு வைப்ப?"

"பதினாலாந்தேதி."

"அடுத்த நாளு?"

அம்மா காலையிலிருந்து முதல் தடவையாக மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் மூடியிருந்த சேமியாவைப் பார்த்தாள்.

மன்சூர் அலி பிரஷைத் தோய்த்து, ஒன்றுக்குப் பக்கத்தில் நாலைப் போட்டார். மாதத்தையும் வருஷத்தையும் எழுதி முடித்து, "மழ ஈரத்துல சட்டுனு காயாது. யாரும் கை வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தூரத்தில் மாதா சப்பரத்தின் பேண்டு சத்தம் கேட்டது. சந்து முனைக்கு வந்ததும் அது நின்றுபோனது. சாவு வீட்டைத் தாண்டும்வரை வாசிக்க மாட்டார்கள்.

அம்மா விசிறியோடு எழுந்து வந்து சிலுவையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்று அநேகமாகக் காய்ந்துவிட்டிருந்தது. நாலின்மேல் விசிற ஆரம்பித்தாள். சுதந்திரமேரி எதிரே போய்க் குந்தி, கட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.