தினம் ஒன்றாகக் கிழித்த கடிதம்

நாடக நடிகர் ஆகஸ்டஸ் பெல்வர் முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொள்வது ரசிகர்கள் எழுதின கடிதங்களால்தான். துண்டு இல்லாமல் இல்லை, கொழுப்பு! பன்றிக்கொழுப்பைக் கன்னத்தில் அப்பி, அரிதாரம் இளகினதும், கூடைக்குள் கைவிட்டு ஒன்றை உருவுவார். 'என் உயிரின் ஒளியே' என்று எந்த ஊர்ப் பாதிரியார் மகளோ உருகி எழுதினது, அவர் மூக்கோரத்துச் சிவப்போடு தரையில் விழும். பொறுக்குகிறவன் ஜேபஸ். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு உடை மாட்டிவிடுகிறவன். லண்டனே அந்த முகத்துக்குக் கிறங்கிக் கிடந்தது. ஜேபஸுக்கோ அதைப் பார்த்தாலே குமட்டும்.

இன்னொரு அசிங்கமும் உண்டு. அந்த வருஷத்து நாடகத்தில் மூன்றாம் அங்கத்தில், ஓடிப்போன மனைவி எழுதின கடிதத்தைப் பெல்வர் உரக்கப் படித்து, சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும். மேடையில் படிக்கிற கடிதத்தை எந்த நடிகனும் மனப்பாடம் செய்யமாட்டான். தாளிலேயே வசனத்தை எழுதி வைத்துவிடுவார்கள். ஆட்டத்துக்கு ஒரு தாள். புதுத் தாளாக இருந்தால் முன்வரிசைச் சீமாட்டிகள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அதனால் கூடையிலிருந்து கசங்கின கடிதமாகப் பெல்வர் பொறுக்கிப் போடுவார். வெற்றாக இருக்கிற பின்பக்கத்தில் ஜேபஸ் வசனத்தை எழுதுவான். முன்பக்கத்தை அவன் படிப்பதில்லை. படித்தால் சாப்பாடு இறங்காது.

ஒரு சனிக்கிழமை பகல் ஆட்டம். இரண்டாம் அங்கம் முடிந்து பத்து நிமிஷ இடைவேளை. மேடைவாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். கப்பல்துறைப் பக்கத்து டெப்ட்ஃபோர்டிலிருந்து நடந்தே வந்தவள், பெயர் மெர்சி பிளைட்.

"ஐயா, எம் புள்ளையோட கடுதாசிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேங்க."

"எந்தக் கடுதாசிம்மா?" என்றான் ஜேபஸ்.

"எம்மவன் ஏபெல் கப்பல்லேர்ந்து எழுதுனது. கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள் பெல்வர் ஐயா நாடகம் பாத்திருக்கான். எழுதுன பக்கம் பூரா இவரப் பத்தியேதான். அப்புறம்... கப்பல் முழுகிடுச்சுங்க. இவரு படிச்சா சந்தோசப்படுவாரேன்னு அனுப்பினேன். திருப்பி அனுப்ப ஸ்டாம்புகூட வெச்சிருந்தேனே. அவன் கையெழுத்துன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

ஸ்டாம்பு போன இடம் ஜேபஸுக்குத் தெரியும். குதிரைப் பந்தயக்காரனுக்கு எழுதின கடிதத்தில் பெல்வர் ஒட்டிக்கொண்டார். கடிதம் எங்கே போனது? கூடையைக் கவிழ்த்துத் தேடினான். அப்போதுதான் உறைத்தது. உப்புத்தண்ணீர்க் கறை படிந்த தாள்! காலையில் அதன் பின்பக்கத்தில்தானே வசனம் எழுதினான்! இப்போது அது பெல்வர் போட்டிருக்கிற கோட்டின் பைக்குள் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துண்டு துண்டாகிவிடும்.

"துரை, உங்க கோட்டுப் பையில இருக்கறது செத்துப்போன பையனோட கடைசிக் கடுதாசியாம். அவன் அம்மா வாசல்ல நிக்கிறா. குடுத்துடுங்க துரை."

பெல்வர் கண்ணாடியிலிருந்து திரும்பக்கூட இல்லை. தட்டிலிருந்த சிப்பி ஒன்றின் சதையை உறிஞ்சி முழுங்கினார். "அந்தக் கறை இருக்கே, தவமிருந்தாலும் கிடைக்காதுய்யா. அசல் கண்ணீர் மாதிரியே இருக்கு. அந்தக் கிழவிய மேல கேலரியில நிக்க வை. சும்மாவே பாக்கட்டும்."

"அவ கண்ணு முன்னாடியே கிழிக்கப்போறீங்களா?"

"நல்லா அழுவா. பக்கத்துல நிக்கறதுங்களும் சேந்து அழும்."

சீ, இதுவும் ஒரு மனுஷப் பிறவியா! இவன் முதுகைத் துடைத்துவிட்ட கையை வெட்டிப்போட்டால் என்ன என்று வந்தது ஜேபஸுக்கு. பிரஷ்ஷை எடுத்துக் கோட்டைத் துடைக்கிற சாக்கில் பைக்குள் விரலை விட்டான். கடிதம் வெளியே வந்தது. பதிலுக்குத் தன் பையில் நாலாக மடித்துக் கிடந்த சலவைச் சீட்டை உள்ளே செருகினான். மணி அடித்தது, பெல்வர் மேடைக்குப் போனார்.

மெர்சி அம்மாள் கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பின்பக்கத்து வசனம் ஜேபஸுக்கு ஞாபகம் வந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

மேடையில் பெல்வர் தாளைப் பிரித்தார். சட்டை ஆறு, உள் டிராயர் நாலு, காலுறை எட்டு ஜோடி. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தாளைப் பிடித்த கை ஆத்திரத்தில் வெடவெடவென்று ஆடியது. தொலைந்தோம் என்று ஓரத்திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டான் ஜேபஸ். கொட்டகையில் ஊசி விழுந்தால் கேட்கும். எங்கேயோ ஒருத்தி விசும்பினாள். பிறகு பத்துப் பேர், பிறகு எல்லாரும். துக்கத்தில் வாயடைத்துப் போய்விட்டாராம்! சலவைச் சீட்டை அவர் கிழித்தபோது கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள்.

பெல்வர் உள்ளே வந்ததும் ஜேபஸுக்கு ஓர் அறை விழுந்தது. அதற்குள் கொட்டகை முதலாளி ஓடிவந்து கட்டிக்கொள்ளவே, "ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்த யோசனைதான்" என்றார் பெல்வர், கூசாமல்.

திங்கட்கிழமை கூடை நிரம்பி வழிந்தது. கொழுப்பு பூசின முகத்தோடு ஒன்றைப் பிரித்த பெல்வர் கெக்கெக்கே என்று சிரித்தார். "இதக் கேளுய்யா!" என்று உரக்கப் படித்தார்.

'ஐயா, என் மகனின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, பின்னால் உங்கள் கைப்படவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்காக ஜன்னலில் விளக்கு வைக்காதே, நான் வரமாட்டேன், ஆனால் உன்னை நினைக்காமல் ஒரு நாளும் கண்மூடினதில்லை என்று. என் பிள்ளை சொல்லாமல் போனதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எட்டு மாதமாக வைத்த விளக்கை நேற்று வைக்கவில்லை. தூங்கினேன். மெர்சி பிளைட்.'

"ஓடிப்போன சிறுக்கியோட வசனம்யா அது!" பெல்வர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அந்தத் தாளைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். ஜேபஸ் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"ஏய்! நான் முகத்த எதுல தொடைக்கறது?"

"உங்க சட்டையில தொடைச்சிக்குங்க. சலவைக்குப் போட இனிமே நான் வரமாட்டேன்."

அப்புறம் அவன் டெப்ட்ஃபோர்டில் கப்பல்காரர்களுக்குத் துணி தைத்துப் பிழைத்தான். கடைத்தெருவில் மெர்சி அம்மாள் எதிர்ப்படுவாள். அந்தப் பெல்வர் எப்பேர்ப்பட்ட தங்கமான மனுஷர் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். "ஆமாம்மா, தங்கம்" என்பான் ஜேபஸ். தெருமுனை திரும்பினதும் காறித் துப்புவான்.