பொத்தான் போன சட்டைகள்

தையல்காரி அத்தையின் கடை வாசலில், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் "மனம்விட்டுப் பேச வாருங்கள்" என்று பலகை வைத்தாள். இரண்டு வாரமாக ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"நாலு பேர் பாக்க யாருடி இங்க வந்து அழுவா?" என்று அத்தை எரிந்து விழுந்தாள்.

மறுநாள் அண்ணன் மகள் பலகையை மாற்றினாள்: "பொத்தான் தைக்க இலவசப் பயிற்சி."

அன்றே கடை பெஞ்சு இளவட்டங்களால் நிரம்பி வழிந்தது. கண் ஊசிமேல் இருக்க, பரீட்சை பயமும் வீட்டுச் சண்டையும் தானாக வாய்க்கு வந்தன.

அவர்கள் கொண்டுவந்த சட்டைகளை அத்தை புரட்டினாள். ஒரு பொத்தானும் தானாக விழவில்லை. எல்லாம் கத்தரியால் வெட்டியவை. "திருட்டுப் பசங்க!" என்று சிரித்தாள்.

வீட்டுக்குப் போனதும், மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத மகனின் சட்டையில் ஒரு பொத்தானை நறுக்கென்று வெட்டினாள்.

"கடைக்கு வந்து நீயே தச்சுக்கடா!"