இரண்டு அங்கி கேட்டவள்

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘மைக்’. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பாதி நாள் இருட்டறைக்குள் ஃபிலிம் கழுவிக்கொண்டு, பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து வெளியே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தொண்டை அப்படிப் பழகிவிட்டது. வெளிச்சத்துக்கு வந்த பிறகும் இறங்குவேனா என்கிறது.

அன்றைக்கு அந்தத் தொண்டைதான் வம்பை இழுத்துவிட்டது.

ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்பல் ஆடிக்கொண்டிருந்த சின்னப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தார்கள். கூட வந்தது அம்மாவும் அம்மாவின் நாத்தனாரும். நாத்தனார் குழந்தையின் அப்பாவுக்கு அக்கா. அதே வீட்டில் மாடியில் குடியிருப்பவள். வேர் உடைந்திருக்கிறதா, உள்ளே வளர்கிற பல்லுக்கு அடி பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் டாக்டர் கை வைக்க மாட்டார். மைக் ஃபிலிமைக் கடிக்கக் கொடுத்தாள். குழந்தை சமர்த்தாகக் கடித்தது. பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்து நாக்கால் வெளியே தள்ளியது. உதடு வீங்கிக் கிடக்கிற குழந்தையை என்னவென்று கோபிப்பது? யாராவது பிடித்துக்கொண்டால்தான் உண்டு. மைக்கே பிடிக்கலாம் என்றால் அது கூடாது. நாள் தவறாமல் எக்ஸ்ரே கதிரோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் நோயாளியின் வாயில் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வீட்டு ஆள் யாராவது கதிரைத் தடுக்கிற ஈய அங்கியை மாட்டிக்கொண்டு பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் பெண்களிடம் ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும்.

மைக் கேட்டாள். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“அம்மா, நீங்க வந்து பிடிச்சுக்குங்க. முழுகாம இருக்கீங்களா?”

பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

“இல்ல” என்றாள், கேள்வி முடிவதற்குள்.

உள்ளே வந்தவளுக்கு மைக் அங்கியை மாட்டிவிட்டாள். அவள் அதன் ஓரங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இன்னொண்ணு இருக்குமா? ரெண்டு போட்டுக்கலாமா?”

மைக்குக்குச் சுருக்கென்றது. அந்த அங்கி மூட்டை கனம் கனக்கும். எப்போது கழற்றலாம் என்று கேட்டவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். இன்னொன்று கேட்டவர் யாருமில்லை. ஒன்றே போதும்தான். பல் படத்துக்கு வேண்டிய கதிரே கொஞ்சம், அதில் அங்கியைத் தாண்டுவது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பயந்துபோன மனசில் இந்த விவரமெல்லாம் எங்கே ஏறப்போகிறது? பாழாய்ப்போன வாயே, ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று மைக் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அங்கியைக் கழற்றிக் கம்பியில் மாட்டினாள்.

“முதல் படத்தைக் கழுவிப் பாத்துருவோம். தேறினாலும் தேறும். வாங்க, நீங்களும் பாருங்க.”

குழந்தையை அத்தையின் மடியில் விட்டுவிட்டு, அம்மாவை இருட்டறைக்குள் அழைத்துப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. உறையைப் பிரித்து, ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டி, மருந்துத் தொட்டியில் இறக்கினாள்.

“இப்ப யாரும் உள்ள வர முடியாது. கதவைத் திறந்தா படம் கறுத்துப் போயிரும்” என்று, தன்னால் ஆன மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “இப்ப சொல்லுங்கம்மா.”

அவள் அழுதாள். அழுது முடித்த பிறகுதான் வார்த்தை வந்தது.

“நாள் தள்ளிப் போயிருக்கு. இவளுக்கப்புறம் ரெண்டு தடவை கலைஞ்சிருச்சு. போன தடவை அண்ணி தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. சந்தோஷத்துலதான் சொன்னாங்க, தப்பு சொல்லல. ஆனா கலைஞ்சதும் அத்தனை பேரும் வந்து வந்து விசாரிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கா நான் பதில் சொல்லணும். இந்தத் தடவை வயிறு தெரியற வரைக்கும் யாருக்கும் சொல்றதில்லன்னு அவரும் நானும் முடிவு பண்ணோம். இப்ப நான் பிடிக்கலன்னா அண்ணிக்குத் தெரிஞ்சிரும். பிடிச்சா...”

“நீங்க பிடிக்க வேணாம். அண்ணிக்கும் தெரியாம நான் பாத்துக்கறேன்.”

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. “என்னம்மா, படம் தேறுமா?” நாத்தனார்தான்.

“திறக்க முடியாதும்மா, தொட்டியில இருக்கு” என்று மைக் தன் சொந்தக் குரலில் சொன்னாள். அந்தக் குரலுக்கு அன்றைக்கு ஒரு நல்ல வேலை கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

தண்ணீரில் அலசி, அடுத்த தொட்டியில் ஊறவைத்து எடுத்துப் பார்த்தால், பல் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

“அசைஞ்சிருச்சு” என்று நாத்தனாரிடம் காட்டினாள் மைக். “இவங்களுக்குக் கை நடுங்குது. பிள்ளை அழுதா தாயும் சேந்து அழுவாங்க போல. நீங்க பிடிக்கறீங்களா? உங்களையும் கேட்டாகணும், நீங்க...”

“என்னையா? என் மூத்தவனுக்கே பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். குடு அதை.”

“கனமா இருக்கும்.”

“என் இடுப்பு இரும்பு. வலின்னா என்னன்னே தெரியாது.”

அம்மா வெளியே போய் நின்றாள். நாத்தனார் அங்கியோடு குனிந்து, மைக் காட்டியபடி ஃபிலிமின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “விரலைக் கடிச்சே, அத்தை உன்னைத் திருப்பிக் கடிச்சிருவேன்.” குழந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. மைக் சுவருக்குப் பின்னாலிருந்து பொத்தானை அழுத்தினாள்.

இந்தப் படம் பளிச்சென்று வந்தது. வேர் முழுசாக இருந்தது. அதற்கு மேலே புதுப் பல் பத்திரமாக இருந்தது. டாக்டர் அம்மாவையும் குழந்தையையும் உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் அங்கியைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, போகாமல் நின்றாள்.

“உள்ள வச்சு உன்கிட்ட சொல்லிட்டாளா?”

மைக் கம்பியில் தொங்கிய அங்கியை நேராக்கினாள்.

“நீ சொல்ல வேணாம். எனக்கு முன்னாடியே தெரியும். காலைல குழாயைத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுக்கறா. நான் ரேடியோவைச் சத்தமா வச்சிருவேன். எனக்குக் கேக்கலன்னு நினைச்சுக்கட்டும்.”

“அப்ப நானே பிடிக்கறேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நானா முந்திக்கிட்டா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிருமே. அதான் என்னைக் கூப்பிட மாட்டியான்னு கதவைத் தட்டினேன்.” டாக்டர் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். “போன தடவை இந்த வாயாலதான் அவ அவ்வளவு பட்டா. இந்தத் தடவை அவளா வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.”

மைக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

கிளம்பும்போது அந்த அம்மா அருகில் வந்து, “அண்ணிக்குச் சந்தேகம் எதுவும் வரலையே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றாள் மைக். அது அவ்வளவு மெல்ல வந்ததால், இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வாசலில் டாக்சி நின்றது. அம்மாவும் குழந்தையும் ஏறி உட்கார்ந்ததும், நாத்தனார் டிரைவரின் ஜன்னலுக்குக் குனிந்தாள்.

“தம்பி, மேடு பள்ளம் பாத்து மெதுவாவே போப்பா. எனக்கு இடுப்பு சரியில்ல.”