பங்குனியிலும் கழுத்தில் மாலை

கார்த்திகை முதல் தேதி போட்ட மாலை, பங்குனி வந்தும் என் கழுத்தில் கிடந்தது. ராஜபாளையத்தில் அந்த வெயிலில் கறுப்பு வேட்டியோடு திரிந்த ஒரே ஐயப்பசாமி நான்தான். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றேன். வேண்டுதலாவது வெங்காயமாவது. முந்தைய மூன்று வருஷமும் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே குடித்தேன். இந்தத் தடவை கழற்றவே பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை என்னுடையது. மாலை போட்டவனுக்கு யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்காரக்கூடக் கூப்பிட மாட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். தனிப் பாய், தனித் தட்டு. என் மனைவி ஈஸ்வரி, "சாமி, சாப்பாடு வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு எட்டப் போய்விடுவாள். மகளுக்கும் நான் சாமி. ஐந்து மாதமாக ஈஸ்வரியின் விரல்கூட என் மேல் படவில்லை. மனுஷன் எத்தனை நாள்தான் சாமியாகவே இருப்பது?

போன வியாழக்கிழமை காலை சுந்தரபாண்டியத்திலிருந்து போன் வந்தது. என் பெரியப்பா வீரணன் தவறிவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. இனி மாலை கழுத்தில் இருக்கக் கூடாது. ஈஸ்வரி பஞ்சு மில்லில் காலை ஷிப்டில் இருந்தாள், உள்ளே போன் கிடையாது. நேரே குருசாமி வீட்டுக்குப் போனேன். அவர் மாலையைக் கழற்றிப் பாலில் போட்டார்.

"போயிட்டு வாங்க பாண்டிதுரை" என்றார். சாமி என்று சொல்லவில்லை.

மதியத்துக்குள் பெரியப்பாவை எரித்துவிட்டோம். சுடுகாட்டிலிருந்து திரும்புகிற வழியில் வேப்பமரத்தடியில் ஆண்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். மச்சான் இசக்கிமுத்து பிளாஸ்டிக் டம்ளரை என் கையில் திணித்தார்.

"ஏலே மாப்ள, அதான் மால எறங்கிருச்சுல்ல. பெரியப்பாவுக்காக ஒரு வாய்."

வாடை மூக்கில் ஏறியதும் நாக்கு ஊறியது. பொய் சொல்வானேன், உடம்பு மொத்தமும் அதைக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்காக மாலைதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மச்சான்" என்றேன். "ஒரு வாயோட என்னால நிறுத்த முடியாது. என்னைய விட்ருங்க."

சிரித்தார்கள். "பெரிய யோக்கியன்" என்றான் ஒருவன். டம்ளரைக் கீழே வைக்கும்போது சரிந்து, பாதி என் வேட்டியில் கொட்டிவிட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது அன்றைக்கு வசதியாகப் போயிற்று. பஸ் ஏறிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ராஜபாளையம் பஸ் பிடிக்க வேண்டும். கால் என்னவோ வெளியே இழுத்தது. கடை எந்தச் சந்தில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரிக்குப் போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து, செய்தி கேட்டு, அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மாலையக் கழத்தியாச்சு ஈஸ்வரி."

மாலை கழற்றிய நாட்களில் வீட்டில் நடந்ததெல்லாம் அவள் பட்டது.

"குடிச்சீங்களா?"

"இல்ல. ஆனா குடிச்சிருவேன் போலிருக்கு. பயமா இருக்கு."

"எங்க நிக்கிறீங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு."

"அசையாம அங்கயே நில்லுங்க. வாரேன்."

ராஜபாளையம் பஸ் மூன்று போய்விட்டன. நான் ஏறவில்லை. அம்புட்டு ஜனத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கை அடிக்கடி கழுத்துக்குப் போய் வெறுங்கழுத்தைத் தடவிவிட்டு வந்தது. அழுகை வந்தது, அழுதேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

ஈஸ்வரி தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து இறங்கினாள். பக்கத்தில் வந்ததும் அவள் முகம் மாறியது. என் வேட்டி நாறியது. எத்தனை விளக்கத்தைத்தான் அவள் கேட்பாள்?

"ஊதுங்க" என்றாள்.

அத்தனை பேர் பார்க்க ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

"இன்னொரு வாட்டி."

ஊதினேன்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பஸ் ஏறும்போதும் விடவில்லை, உட்கார்ந்த பிறகும் விடவில்லை. அந்தப் பிடியில் நம்பிக்கையெல்லாம் இல்லை. நான் இறங்கி ஓடிவிடுவேனோ என்ற பயம்தான் இருந்தது. எனக்கும் அதே பயம்தான்.