புதன்கிழமை அரை நாள்

லண்டனிலிருந்து ரயிலேறி வெகுதூரம் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில், பிஸ்கட் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் வைகுண்டராஜ். அப்பா காலமானதும் சொந்த ஊரான தேவாரத்தில் இருந்த இரும்புக் கடையைக் கவனிக்கத் திரும்பி வந்தான். வந்த நாளிலிருந்து அந்தச் சீமை ஊர்ப் புராணம்தான். அங்கே கடைத்தெருவில் ஈ கிடையாது. ஊருக்குப் பொதுவாக நூலகம், நீச்சல் குளம், நாய் தண்ணீர் குடிக்கக்கூடத் தொட்டி. மனைவி செல்வமணி முதலில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு புடைக்க மட்டும் செய்தாள்.

"அங்க வரிசையிலதான் நிப்பாக. ஒருத்தர் மேல ஒருத்தர் படமாட்டாக."

"பட்டா கரைஞ்சா போயிருவாக?"

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தை பிறந்ததும் கடை வாசலில் ஒரு பலகை ஏறியது. ஒன்பது மணிக்குத் திறப்பு, ஐந்தரைக்கு அடைப்பு, புதன்கிழமை அரை நாள், பேரம் கிடையாது. வாசல் பெஞ்சையும் உள்ளே போட்டுவிட்டான். உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசுகிறார்களாம். அப்பா காலத்தில் மலையிலிருந்து எஸ்டேட் ஜீப்புகள் இறங்குவதே பொழுது சாய்ந்த பிறகுதான். ஆணியும் கம்பியும் அப்போதுதான் விற்கும். இப்போது அந்த நேரத்தில் கதவில் பூட்டு தொங்கியது.

"பூட்டு விக்கிற கடைதானே, விளம்பரத்துக்குத் தொங்குது" என்றாள் செல்வமணி.

ஒரு புதன்கிழமை மத்தியானம் தக்காளித் தோட்டக்காரர் மொக்கைச்சாமி வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்தார். பம்பு செட்டின் பெல்ட் அறுந்துவிட்டது. சாயங்காலம்தான் கரண்டு வரும். அதற்குள் மாட்டாவிட்டால் நாற்று கருகிவிடும். கடைக்கு மேலேதான் வீடு. வைகுண்டராஜ் மாடி ஜன்னலிலிருந்து பலகையைக் காட்டினான்.

"எனக்கு எழுத்துத் தெரியாது அண்ணாச்சி. பெல்ட்டு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. நாளைக்கு வாங்க."

"நாத்து நாளைக்கு இருக்கணுமே!"

அவன் ஜன்னலைச் சாத்தினான். செல்வமணி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஊருல புதங்கிழமை ஒரு சாமான் வேணும்னா என்ன செய்வாக?"

"காத்திருப்பாக."

"நீங்க என்ன செஞ்சீக?"

"போன புதுசுல தெரியாம மத்தியானம் ரொட்டி வாங்கப் போனேன். கண்ணாடிக்கு அங்கிட்டு ஒரு பொம்பளை நின்னா. பலகையத்தான் காட்டுனா. அன்னைக்கு வெறுந்தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அசிங்கமா இருந்துச்சு."

"பட்ட அசிங்கத்தக் கப்பலேத்திக் கொண்டாந்து இங்கன மாட்டியிருக்கீக. நல்ல சம்பாத்தியம்!"

சாவியை எடுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று இறங்கினாள். எதிர்க்கடைப் பக்கம் சைக்கிளைத் திருப்பிவிட்ட மொக்கைச்சாமியை, "அண்ணே, நில்லுங்க" என்று கூப்பிட்டு பெல்ட்டைக் கொடுத்தாள். பிறகு கடையைச் சாத்தவில்லை. கடைசி ஜீப் மலையேறும்வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஐந்தரைக்கு அவன் மாடியேறுவான், அவள் இறங்குவாள். சனமும் விவரமானது. பகலில் வந்து அவனிடம் விலை கேட்டது. பொழுது சாய்ந்ததும் வந்து அவளிடம் பேரம் பேசி வாங்கியது. அவனுக்கு எரிச்சல்தான். ஒருநாள் அவனும் ஒரு ஆளிடம் பேரம் பேசிப் பார்த்தான். என்ன சொல்லிச் சிரிப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று பிடிபடவில்லை. வந்த ஆளே பரிதாபப்பட்டு, "அக்கா வரட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டான்.