அரை மணி நேரத்து இருட்டு

"இயேசுசாமி லைட்டை அணைச்சுட்டுத்தான் தூங்குவாராப்பா?" என்று ஆஞ்சலா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. "சாமி தூங்கறதே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தியோடர் அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார். அவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். கேள்வி ஒக்கலிபுரத்து வீட்டிலேயே தங்கிவிட்டது.

தியோடருக்குப் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. வீடு திரும்பியதும் மொட்டைமாடிக்குப் போய்த் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிடுவார். மனைவி பெர்னதெத் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இந்த ஆண்டு தவக்காலம் தொடங்கியபோது பெர்னதெத்துக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்களுக்குப் படுக்கைதான், படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒரே ஃபேனை எத்தனை தடவைங்க எண்றது?" என்றார் பெர்னதெத் ஒருநாள், கூரையைப் பார்த்தபடி. "மேல போய் அப்படி என்னதான் பாக்கறீங்க? ஒரு தடவை எனக்கும் காட்டுங்க."

அது தியோடரைச் சுட்டது. ஓரியன் விண்மீன் கூட்டத்தில், மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே, நெபுலா என்ற மங்கலான ஒளிமேகம் ஒன்று உண்டு. அதைத்தான் மனைவிக்குக் காட்ட நினைத்தார். ஆனால் ஓரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. பெர்னதெத் எழுந்து நடப்பதற்குள் மறைந்துவிடும். படமெடுத்துக் கீழே கொண்டுவருவது ஒன்றுதான் வழி. தொலைநோக்கியில் கண் வைக்கும் வில்லையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேமராவைப் பொருத்த வேண்டும். இரண்டையும் இணைக்கிற உலோக வளையத்துக்குக் கடையில் ரிங் என்று பெயர்.

"அக்கா, அண்ணா உங்களுக்கு ரிங் வாங்கியிருக்காராம்" என்று பக்கத்து வீட்டு மலர் கூரியர் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெர்னதெத் படுத்தபடியே பிரித்தார். உள்ளே கறுப்பாக, வளையல் பருமனுக்கு ஒன்று இருந்தது.

"ஏங்க, இது எந்த விரலுக்கு?"

"கேமராவுக்கு."

"அதானே. நீங்க திருந்திட்டீங்கன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

கேமராவை மாட்டியதும் அதன் பாரத்தில் தொலைநோக்கியின் பின்பக்கம் தாழ்ந்தது. பிரசங்கத்தின்போது அண்ணாந்து வாய் பிளந்து தூங்குபவரைப் போல அது உச்சிவானத்தைப் பார்த்து நின்றது. பெர்னதெத் யோசனைப்படி முன்பக்கம் ஒரு ராகி மாவு பாக்கெட்டைக் கட்டியதும் தலை இறங்கி நேரானது. அன்று எடுத்த முதல் படம் முழுக்கச் சிவப்பு.

காரணம், மேற்கே இருந்த கோயில் கோபுரம். போன கிறிஸ்மஸுக்கு யாரோ காணிக்கையாகக் கொடுத்த பெரிய சிவப்பு எல்இடி சிலுவை ஒன்று அதன்மேல் விடிய விடிய எரிந்தது. தியோடர் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் போய் நின்றார்.

"சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அணைச்சா போதும் ஃபாதர்."

"சிலுவையை எப்படி சார் ஆஃப் பண்றது?" என்றார் செயலாளர் கிளெமென்ட். "ஒருத்தர் போட்டோ எடுக்கணும்னு சாமியை ஆஃப் பண்ணோம்னு ஜனங்ககிட்ட சொல்றதா?"

"சாமியை இல்ல, லைட்டை."

"அதுல லைட்டைத் தவிர வேற என்ன இருக்கு?"

பங்குத்தந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலோரம் நின்ற கோயில்பிள்ளை ரெமிஜியஸ் மெல்லச் செருமினார். கோயிலைப் பெருக்குவதும் மணி அடிப்பதும் அவர் வேலை.

"தவக்காலக் கடைசியில சிலுவைங்களை ஊதாத் துணியால மூடறோம்ல ஃபாதர்? சனிக்கிழமை மத்ததை மூடறப்ப இதையும் மூடிடலாம்."

எல்லோர் முகமும் தெளிந்தது. அணைப்பதுதான் தவறு. மூடுவது வழிபாடு.

வெளியே வந்ததும் தியோடர் ரெமிஜியஸுக்கு நன்றி சொன்னார். ரெமிஜியஸின் கண்கள் சிவந்திருந்தன.

"அந்த லைட்டு என் ரூம் ஜன்னலுக்கு நேரா அடிக்குது சார். கிறிஸ்மஸ்லேர்ந்து சரியாத் தூங்கலை. சாமிக்குத் தூக்கம் வேணாம். எனக்கு வேணுமே."

அவ்வளவு பெரிய ஊதாத் துணி, ஷாமியானா வாடகைக்கு விடும் ஃபாத்திமாவிடம்தான் இருந்தது.

"சிலுவைக்கா? எடுத்துட்டுப் போங்க அண்ணா, வாடகையெல்லாம் வேணாம்" என்றாள் ஃபாத்திமா. "ரிசப்ஷன்ல பிரியாணி கொட்டின கறை ஒண்ணு இருக்கு. அதை மட்டும் உள்பக்கமா திருப்பிக் கட்டிக்கோங்க."

சனிக்கிழமை இருட்டியதும் கட்டினார்கள். துணி மெல்லியது. உள்ளே சிலுவை எரிய, கோபுரம் முழுவதும் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. வானமே ஊதாவாயிற்று. முதலில் ஓர் ஆட்டோக்காரர் நிறுத்திக் கும்பிட்டார். பிறகு தெருவே கூடிவிட்டது. யாரோ ஜெபமாலையைத் தொடங்க, மற்றவர்கள் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தார்கள். கிளெமென்ட் முழங்காலில் நின்று, "அணைக்கக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடியில் தியோடர் ராகி மாவு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓரியன் இறங்கிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, எனக்காகக் கேக்கலை" என்று மட்டும் சொன்னார்.

சட்டென்று சிலுவையும் கோயில் வளாகத்து விளக்குகளும் அணைந்தன.

"கரண்ட் போச்சு" என்றது கூட்டம். அற்புதத்தில் கரண்ட் போனால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. டார்ச்சை வழிக்குப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். கடந்துபோன ஒரு டார்ச் வெளிச்சத்தில், கோபுரத்தின் பக்கவாசலில் ரெமிஜியஸ் கையில் பிடுங்கிய ஃபியூஸுடன் நிற்பதைத் தியோடர் மாடியிலிருந்து பார்த்தார். ரெமிஜியஸ் ஒருமுறை மேலே பார்த்துக் கையசைத்தார்.

அந்த அரை மணி நேர இருட்டில் படமெடுத்து முடித்ததும் தியோடர் கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். பெர்னதெத் அதன் சிறிய திரையை முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கொசுவர்த்திப் புகை மாதிரி இருக்கு."

"அதுக்குள்ளதான் புது நட்சத்திரங்கள் பொறக்குது."

"ஆஞ்சலா பொறந்தப்ப, லைட்டைக் கொஞ்சம் குறைங்கன்னு நர்ஸ்கிட்ட கெஞ்சினேன். கேக்கவே இல்ல." அவர் சிரிக்கத் தொடங்கி, முதுகு வலிக்கவே நிறுத்தினார். "இதுக்கு யாரோ நல்லவங்க குறைச்சிருக்காங்க."

அன்று அவர் கேமராவை நெஞ்சின்மேல் வைத்தபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் பூசைக்குப் பிறகு கிளெமென்ட் எல்லோர் முன்னாலும் கேட்டார். "அற்புதம் நடக்கற நேரத்துல கரண்ட் போவுது. கோயில்பிள்ளை என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே?"

"ஃபியூஸ் போச்சு சார்" என்றார் ரெமிஜியஸ். தியோடர் வாயைத் திறப்பதற்குள், வேண்டாம் என்று தலையசைத்தார். கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று துணியை அவிழ்த்து ஃபாத்திமாவிடம் திருப்பி அனுப்பினார்கள். சிலுவை பழையபடி எரிந்தது.

திங்கள் மாலை ஜெப மணி அடித்தது. ரெமிஜியஸ் கோபுரத்தடியில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குள் இன்னும் யாரும் வரவில்லை. தியோடர் பக்கத்திலிருந்த ரெமிஜியஸின் அறைக்குள் நுழைந்தார். ஜன்னல் வழியே விழுந்த சிவப்பு வெளிச்சத்தில் தலையணை நனைந்தது போல இருந்தது. மாடியில் தெருவிளக்கை மறைக்கத் தன் தலைமேல் போர்த்திக்கொள்ளும் கனத்த கறுப்புத் துணியை அவர் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு முறை மணி ஒலித்தபோதும் அந்தச் சத்தத்துக்குள் ஓர் ஆணியை அடித்துத் துணியை மாட்டினார். அறை இருண்டது.

தடவிப் பார்த்துத் தலையணையை நேராக வைத்தார். மணி ஓய்வதற்குள் பின்கேட் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டார்.